வாசலுக்கு வந்த கல்லூரி

பிளஸ் டூ ரிசல்ட் வந்த மறு வாரம், ஒரு வெள்ளிக்கிழமை விடிகாலையில், நாலுவழிச் சாலையோரம் பொட்டல் காட்டில் நின்றிருந்த அந்த இன்ஜினியரிங் காலேஜ், தன் மாடிகளையும் கேண்டீனையும் பஸ் நிறுத்துகிற தகரக் கொட்டகையையும் இழுத்துக்கொண்டு, பண்டாரங்குளம் விலக்கில் திரும்பி, ரேஷன் கடையைத் தாண்டி, குறுக்கே வந்த மின்சாரக் கம்பிகளை ஒரு ஜன்னலால் ஒதுக்கிவிட்டு, வாகையடித் தெருவுக்குள் நுழைந்து எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றது. நான் அப்போதுதான் சாணி தெளித்து முடித்திருந்தேன். கோலத்துக்குப் புள்ளி வைக்க இடமில்லாமல், மாவுச் சிரட்டையோடு நிமிர்ந்து பார்த்தேன். கன்றுக்குட்டி வாசலில் மூக்கை வைத்துக்கொண்டு நிற்குமே, அதுபோல அதன் முதல் படி என் வாசற்படியை ஒட்டி நின்றது.

அத்தனை பெரிய கட்டடம் இத்தனை சின்னத் தெருவில் எப்படி நின்றது என்று யாரும் கேட்கவில்லை. கல்யாண வீட்டுக்கு வந்த பெரிய கார் ஒரு பக்கமாக ஒதுங்கி நிற்பதுபோல அதுவும் ஒதுங்கி நின்றது. தெருவில் முதலில் எழுந்த பேச்சு, தண்ணி லாரி இனி எங்கே நிற்கும் என்பதுதான். குடத்தை வரிசையில் போட்டிருந்த பெண்டுகள் அண்ணாந்து பார்த்து, “ஏ, கொஞ்சம் தள்ளி நிக்கப்படாதா, பச்சப்பிள்ளக்காரி வீட்டுக்கு வெளிச்சம் வரவேண்டாமா” என்று ஏசினார்கள். அது தகரக் கொட்டகையை மட்டும் உள்ளே இழுத்துக்கொண்டது. மத்தியானத்துக்குள் அதன் தூணில் ஒருவர் ஆட்டைக் கட்டினார், படிக்கட்டுக்குக் கீழே இன்னொருவர் டீ பாய்லரைக் கொண்டுவந்து வைத்தார், சாயங்காலம் அம்மன் கோயில் கொடைக்கு வரி பிரிக்கிறவர்கள் வந்து, இதை ஒரே குடும்பமென்று ஒரு தலைக்கட்டாக எழுதவா, மாடிக்கு ஒன்றாக நாலு தலைக்கட்டாக எழுதவா என்று நின்று சண்டை போட்டார்கள். மறுநாளே அது எங்கள் தெருவில் பிறந்து வளர்ந்ததுபோல ஆகிவிட்டது. அடையாளம் கேட்டவர்களுக்கு, “காலேஜுக்கு அடுத்த வீடு” என்று சொல்லத் தொடங்கிவிட்டார்கள்.

ஏன் வந்தது என்றும் யாரும் கேட்கவில்லை. எல்லோருக்கும் தெரியும், அதற்குப் பசி. ரோட்டோரம் முளைத்த காலத்தில் வயிறு நிறையப் பிள்ளைகள் கிடைத்தார்கள். அப்புறம் பக்கத்திலேயே இன்னொன்று முளைத்தது, அதற்குப் பக்கத்தில் இன்னொன்று, கடைசியில் காலேஜ்கள் பெருகிப் பிள்ளைகள் குறைந்து, வகுப்பறை வகுப்பறையாகக் குளவி கூடு கட்டியது. பசித்த மாடு வீடு தேடி வரும். பசித்த காலேஜும் வந்தது, அவ்வளவுதான்.

ஆனால் எனக்கு அதை முன்னமே தெரியும். இரண்டு தடவை அதன் படியில் நான் நின்றிருக்கிறேன். என் மூத்தவன் சங்கரன் விவசாயம் படிக்கவேண்டும் என்றான். இளையவன் சைலு சமையல் படிப்புக்குப் போகிறேன் என்றான். இரண்டு பேரையும், என் வீட்டுக்காரரின் அண்ணன் ஆவுடையப்பன் அத்தான்தான் கையைப் பிடித்து இதே படிகளில் ஏற்றிவிட்டார், கம்ப்யூட்டர் படிப்புக்கு. ஒருத்தன் இன்றைக்குச் சென்னையில் யார் யாரோ வாங்குகிற சாமான்களைப் பெட்டியில் போட்டு டேப் ஒட்டுகிறான். ஒருத்தன் ஜவுளிக்கடையில் பில் போடுகிறான். வேலையில் கேவலம் இல்லை, என் பிள்ளைகள் உழைத்துச் சாப்பிடுகிறார்கள். ஆனால் லீவுக்கு வந்தால் அண்ணனும் தம்பியும் ஒரே பாயில் உட்கார்ந்து எதிர்ச் சுவரைப் பார்ப்பார்களே, அந்தப் பார்வையைப் பார்க்கச் சகியாமல் நான் அடுக்களைக்குள் போய் சும்மா கிடக்கிற பாத்திரத்தை எடுத்துத் தேய்ப்பேன். தேய்த்துத் தேய்த்து என் வீட்டில் ஈயப் பூச்சு போகாத பாத்திரம் ஒன்று கிடையாது.

இப்போது அது கடைக்குட்டிக்காக வந்திருக்கிறது. செண்பகதேவிக்காக. செண்பா நல்ல மார்க் எடுத்திருந்தாள், அந்த வாசனை அதற்குப் போயிருக்கும்.

காலேஜ் வந்த அன்றைக்கே அத்தானும் வந்துவிட்டார். எங்கள் குடும்பத்தில் நல்லதும் கெட்டதும் அவர் வாயிலிருந்து வந்தால்தான் உண்டு. அவர் வந்தால் நான் அடுக்களைக் கதவுக்குப் பின்னால் போய்விடுவேன். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அப்படித்தான். நேருக்கு நேர் நின்று ஒரு வார்த்தை பேசியது கிடையாது. அவர் என் வீட்டுக்காரரிடம் கேட்பார், நான் என் வீட்டுக்காரரிடம் சொல்வேன், எங்கள் இரண்டு பேருக்கும் காது கேட்டாலும் நடுவில் என் வீட்டுக்காரர் ஒருதரம் எடுத்துச் சொல்லுவார். செண்பாவுக்கு அந்த வழக்கம் இல்லை. அவள் நேரே போய் நின்றாள்.

“பெரியப்பா, எனக்கு சிவில் வேணும். கவுன்சிலிங்ல போட்டா கவர்மெண்ட் காலேஜ்லயே கெடைக்கும்.”

“சிவிலா? ஏட்டி, வெயில்ல நின்னு சித்தாளு வேல வாங்கவா உன்னைப் படிக்க வைக்குதோம்? பொம்பளப் பிள்ளைக்கு ஏசி ரூமு, கம்ப்யூட்டரு. நாளைக்குப் பொண்ணு பாக்க வாறவன்ட்ட சொல்லிக்க ஒரு பேரு வேண்டாமா?”

“பெரியப்பா, ரோடு போட்டவங்க வாட்டம் பாக்காமப் போட்டதாலதான் மழை பெய்தா நம்ம தெருவுல அத்தன வீட்டுக்குள்ளயும் தண்ணி வருது. அதைப் படிக்கணும்னு ஆசையா இருக்கு.”

“தண்ணி வந்தா வாளியால கோரி வெளிய ஊத்து. அதுக்கு நாலு வருசம் படிக்கணுமாக்கும்!”

வாசலில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். என் வீட்டுக்காரரும் சிரித்தார். பிள்ளையின் முகம் சுருங்கிப்போனதைக் கதவிடுக்கு வழியாகப் பார்த்தேன். என் அடிவயிற்றில் ஒரு கங்கு விழுந்தது அப்போதுதான்.

“அண்ணாச்சி சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்றார் என் வீட்டுக்காரர், வழக்கம்போல.

கவுன்சிலிங் என்பது ஒன்றுமில்லை. எந்தக் காலேஜ், எந்தப் படிப்பு என்று பிள்ளை தன் ஆசைப்படி போனிலேயே வரிசை போட்டு, கடைசி நாள் சாயங்காலம் அஞ்சு மணிக்குள் பூட்டவேண்டும். பூட்டும்போது போனுக்கு ஒரு ரகசிய எண் வரும், அதைப் போட்டால்தான் பூட்டும். அஞ்சு மணி தாண்டிவிட்டால் கவர்மெண்ட் சீட்டு போச்சு, வாசலில் நிற்கிறதுதான் கதி. அந்த எண் எந்தப் போனுக்கு வரும்? அத்தான் போனுக்கு. மனு போடும்போது பிரவுசிங் சென்டருக்குக் கூட்டிக்கொண்டு போனவர், “குடும்பத்துக்கு ஒரு நம்பர் போதும்” என்று தன் நம்பரைக் கொடுத்திருந்தார்.

நாள் ஆக ஆகக் காலேஜ் இன்னும் ஒட்டி வந்தது. அதன் நிழல் எங்கள் முற்றத்தில் விழுந்து கொடியில் போட்ட துணி காயவில்லை, வற்றல் காயவில்லை, ஊறப்போட்ட உளுந்து மட்டும் புளித்துக்கொண்டு நின்றது. அடிக்கடி எங்கள் ஜன்னல் வழியாகப் பளபளவென்று ஒரு கலர் நோட்டீஸ் வந்து விழும். அதில் கோட்டுப் போட்ட பிள்ளைகள் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருப்பார்கள். அந்தப் பிள்ளைகளில் ஒன்றைக்கூட நான் அந்தப் படிகளில் கண்டதில்லை. செண்பா தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் இரண்டாம் மாடி ஜன்னல் ஒன்று மெல்லத் திறந்து அவளையே பார்க்கும். நான் எழுந்துபோய் எங்கள் ஜன்னலைச் சாத்துவேன்.

தெரு அதற்குள் முறைவைத்துப் பேசத் தொடங்கியிருந்தது. வீடு தேடி வந்தவரை வெறுங்கையோடு அனுப்புவது எங்கள் பக்கம் வழக்கமில்லை. பெண் இருக்கிற வீட்டுக்கு ஒன்று வந்து நின்றால் அது பெண் கேட்டு வந்ததாகத்தான் அர்த்தம். எதிர்வீட்டு உலகம்மாள் மைனி என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

“பகவதி, ஊரு உலகத்துல பிள்ளைகளைக் கூட்டிட்டுக் காலேஜ் காலேஜா அலையுதாவ. உன் வாசலுக்குக் காலேஜே நடந்து வந்து நிக்கி. குடுத்து வெச்சவ நீ.”

“பிள்ளைக்குப் பிடிக்கலயே மைனி.”

“எந்தப் பிள்ளைக்குத்தான் பிடிச்சிச்சு? எனக்கு உங்க அண்ணனைப் பிடிச்சா கெட்டினாவ? பாரு, மாப்பிள்ளைக்குச் சொந்தக் கட்டடம். மாமியா, நாத்தனா பிடுங்கல் கெடையாது. கேண்டீன் வேற இருக்கு, பிள்ள பொங்கித் திங்கண்டாம்.”

சிரித்துவிட்டு அவள் போய்விட்டாள். நான் கோயிலுக்குப் போனேன். உச்சினிமாகாளிக்கு நான் விளக்குப் போடாத செவ்வாய்க்கிழமை கிடையாது. பிள்ளைகள் காய்ச்சலில் கிடந்தபோது, என் வீட்டுக்காரருக்குக் கால் முறிந்தபோது, எல்லாவற்றுக்கும் அவள்தான். “தாயே, வந்ததை வந்த வழியே திருப்பி அனுப்பிரு. நான் யாரையும் எதுத்துப் பேசினவ இல்ல, எனக்காக நீ பேசு” என்று அழுது கேட்டேன். அவள் நாக்கை வெளியே நீட்டிக்கொண்டு, கண்ணை உருட்டிக்கொண்டு, கையில் சூலத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என் நாக்கு என் வாய்க்குள்ளேயே சுருண்டு கிடந்தது. எனக்குக் கோபம் வந்தது. சாமியிடம் கோபம் வரக்கூடாதுதான். வந்தது. “இம்புட்டு ஆயுதத்தையும் வெச்சுக்கிட்டு நீயும் சும்மாதான நிக்க” என்று சொல்லிவிட்டுக் குங்குமம் வாங்காமல் திரும்பினேன்.

திரும்பி வரும்போது காலேஜ் படியில் ஒரு தம்பி உட்கார்ந்திருந்தான். கழுத்தில் டை, காலில் பாலிஷ் போன ஷூ. கண்ணெல்லாம் உள்ளே போயிருந்தது. காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. கோபம் ஒரு பக்கம் இருக்கட்டும், பசித்த பிள்ளையைத் தாண்டி என்னால் வீட்டுக்குள் போக முடியாது. இட்லியும் துவையலும் வைத்துக் கொடுத்தேன். பேர் சுயம்புலிங்கம், திசையன்விளைப் பக்கம், அங்கே வாத்தியார் வேலை பார்க்கிறானாம்.

“என்ன பாடம்ப்பா சொல்லிக் குடுக்கிய?”

“சிவில்ம்மா. ரெண்டு வருசமா அந்த வகுப்புல பிள்ளையே இல்ல. அதனால பிள்ள பிடிச்சுட்டு வாற வேலைக்குப் போட்டுட்டாவ. பிள்ள சேத்தாத்தான் சம்பளம்.”

“என் மவளுக்கு சிவில்தான் வேணுமாம்.”

இட்லியைப் பிய்த்த கை அப்படியே நின்றது. “நல்ல படிப்பும்மா” என்றான் மெதுவாக. அப்புறம் கட்டடத்தைத் திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, “இங்க வேண்டாம்மா. கவர்மெண்ட் காலேஜ்ல போடச் சொல்லுங்க” என்றான். சொன்னதுதான் தாமதம், அவன் உட்கார்ந்திருந்த படி சட்டென்று ஒரு சாண் உள்ளே இழுத்துக்கொண்டது, தட்டோடு சரிந்தான். எழுந்து டையைச் சரிசெய்துகொண்டு, வகுப்பில் மனப்பாடமாகச் சொல்வதுபோல, “எங்கள் கல்லூரியில் எல்லா வசதிகளும் உண்டு” என்று உரக்கச் சொன்னான். அவன் கண்ணில் தண்ணீர் நின்றது. படிக்கவைத்து, டை கட்டிவிட்டு, இந்தப் பிள்ளையை இப்படி ஆக்கி வைத்திருக்கிறார்களே என்று எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

அத்தான் நாள் குறித்துவிட்டார். பூ வைத்துத் தட்டு மாற்றுகிற நாள். வேண்டுமென்றே குறித்தாரோ, பஞ்சாங்கம் அப்படி விழுந்ததோ, கவுன்சிலிங் பூட்டுகிற கடைசி நாளும் அதுதான். “சாயங்காலம் நாலரைக்கு மேல அஞ்சரைக்குள்ள நல்ல நேரம். சுபமா முடிச்சிருவோம். உன் பொண்டாட்டிட்ட சொல்லி ஒரு கேசரி கிண்டச் சொல்லு” என்றார் தம்பியிடம். கதவுக்குப் பின்னால் நான் நின்றுகொண்டுதான் இருந்தேன்.

எங்கள் வழக்கத்தில் தட்டு மாற்றுவதென்றால் இதுதான்: மாப்பிள்ளை வீட்டுத் தட்டைப் பெண் வீட்டுப் பெரியவர் இரண்டு கையாலும் வாங்கவேண்டும். வாங்கிய தட்டை, மாப்பிள்ளையின் அக்கா தங்கச்சி யாராவது வந்து பெண்ணின் தலையில் பூ வைக்கிற வரைக்கும் கீழே இறக்கக் கூடாது, கை மாற்றக் கூடாது. இறக்கினால் சம்பந்தம் முறியும், பெரியவர் வாக்குத் தவறியவர் ஆவார். இதில் ஒரு சிக்கல் வந்தது. காலேஜுக்கு அக்கா தங்கச்சி கிடையாது. தெருவே கூடி யோசித்தது. உலகம்மாள் மைனி, “ஒரு நல்ல காரியம் தட்டிப் போகப்படாதுல்லா, நான் நாத்தனா முறைக்கு நிக்கேன்” என்று முன்வந்தாள். என் எதிர்வீட்டுக்காரி, என் வீட்டு ரசத்தைக் கேட்டு வாங்கிக் குடிக்கிறவள், ஒரே சாயங்காலத்தில் அந்தக் கட்டடத்துக்கு உடன்பிறந்தவளாகிவிட்டாள். அதற்கப்புறம் ஆளாளுக்கு முறை எடுத்துக்கொண்டார்கள், ஒருவர் சித்தப்பா, ஒருவர் மாமா. பெண் வீட்டுப் பக்கம் நிற்க யாருமே மிச்சமில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் தெரு முழுக்க ஜமுக்காளம் விரித்திருந்தது. காலேஜ் தன் முகப்பைக் கழுவி, வரிசையாகச் சீரியல் லைட்டு எரியவிட்டு நின்றது. உலகம்மாள் மைனி பட்டுக்கட்டி, படியில் நின்று தட்டைப் பிடித்திருந்தாள். வெற்றிலை, பாக்கு, பழம், மஞ்சள். சேலைக்குப் பதிலாக மடித்து வைத்த நீலக் கோட்டு. சங்கிலிக்குப் பதிலாகக் கழுத்தில் மாட்டுகிற பட்டையோடு ஓர் அடையாள அட்டை, படம் ஒட்டுகிற இடம் காலியாக. மேலே ஒரு பந்து மல்லிகைப்பூ. சுயம்புலிங்கம் ஓரத்துப் படியில் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அத்தான் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நெற்றி நிறையத் திருநீறு. சட்டைப் பையில் போன்.

“நாலு பேரு அறிய, நான் வாக்குக் குடுக்கேன்” என்று சொல்லி, குலவைச் சத்தத்துக்கு நடுவில் தட்டை இரண்டு கையாலும் வாங்கினார்.

“பிள்ளையைக் கூட்டிட்டு வாங்க” என்றார்கள். நான் உள்ளே போனேன். செண்பா பட்டுப்பாவாடையோடு அறை மூலையில் குத்தவைத்திருந்தாள். கையில் சைலுவின் பழைய போன். அவள் அழவில்லை. அழுதிருந்தால்கூட நான் அழுதுவிட்டுச் சும்மா இருந்திருப்பேனோ என்னவோ. அவள் எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அண்ணன்மார் பார்ப்பார்களே, அதே பார்வை.

“அம்மா, வரிசை போட்டுட்டேன். பூட்டுறதுக்கும் அமுக்கிட்டேன். நம்பர் பெரியப்பா போனுக்குப் போயிருக்கும். அஞ்சு மணிக்கு இன்னும் கொஞ்ச நேரந்தான் இருக்கு. விடு, போகட்டும்.”

விடு, போகட்டும். பதினேழு வயதுப் பிள்ளை சொல்லுகிற வார்த்தையா அது? இதைச் சொல்ல வைத்தது யார்? எல்லோரையும் நினைத்தேன். சிரித்தவர்களை, தலையாட்டிய என் வீட்டுக்காரரை, வாயைத் திறக்காத தெய்வத்தை. கங்கு கங்காக விழுந்து கிடந்தது அத்தனையும் சேர்ந்து பற்றிக்கொண்டது. எப்படி வெளியே வந்தேன் என்று தெரியவில்லை. அடுக்களைக் கதவைத் தாண்டி, முற்றத்தைத் தாண்டி, ஜமுக்காளத்தை மிதித்துக்கொண்டு போய் ஆவுடையப்பன் அத்தானுக்கு நேராக நின்றேன். குலவை நின்றது. அவர் என் முகத்தை அவ்வளவு கிட்டத்தில் பார்த்தது அதுதான் முதல் தடவை. யார் என்று ஒரு நிமிஷம் அவருக்குத் தெரியவில்லை என்றுகூட நினைக்கிறேன்.

அவர் பையில் போன் உறுமியது. கையை நீட்டி, அவர் சட்டைப் பைக்குள் விட்டு, அதை எடுத்தேன்.

“ஏ! ஏ! எலே நாயகம், உன் பொண்டாட்டியைப் பிடில! கை வைக்கா பாரு!” என்று கத்தினார். கத்தத்தான் முடிந்தது. இரண்டு கையிலும் தட்டு. இறக்கினால் வாக்குப் போச்சு. தட்டில் பழம் உருண்டது, பூ நடுங்கியது, கை மட்டும் தட்டை விடவில்லை.

நான் ஆறாவதோடு நின்றவள். திரையில் வந்து நின்ற எண்ணைப் படிக்க அது போதும். “செண்பா!” என்று கூப்பிட்டேன். என் குரல் எனக்கே புதுசாக இருந்தது, காலேஜ் சுவரில் போய் அடித்துத் திரும்பியது. “எழுதிக்கோ! ஏழு! மூணு! ரெண்டு! ஒம்போது!” என்று ஒவ்வொன்றாகத் தெருவே கேட்கப் படித்தேன். உள்ளேயிருந்து பிள்ளை கூவினாள், “பூட்டியாச்சும்மா!”

“என்ன காரியம் செஞ்சிருக்க!” என்றார் என் வீட்டுக்காரர். அவர் பக்கம் திரும்பினேன்.

“ரெண்டு பிள்ளையக் குடுத்தாச்சு. கேட்டப்பல்லாம் குடுத்தாச்சு. வயிறு நெறஞ்சுதா அதுக்கு? திரும்பவும் வந்து நிக்கி. வெக்கங்கெட்டு நிக்கி. நீங்க எல்லாரும் அதுக்கு வெத்தலையும் பாக்கும் வெச்சுக் குலவை போடுதிய. பிள்ளைக்கு என்ன வேணும்னு இந்தத் தெருவுல ஒரு நாய் கேட்டுச்சா? என் வயித்துல பிறந்தது. நான் சொல்லுதேன். குடுக்க மாட்டேன்.”

உலகம்மாள் மைனிதான், பூவைக் கையில் வைத்துக்கொண்டு, “அப்ப இந்தப் பூவை நான் யாருக்கு வைக்க?” என்று கேட்டாள், அவளுக்கு உண்மையாகவே தெரியாமல்.

சுயம்புலிங்கம் தொண்டையைச் செருமினான். “தட்டு வாங்கியாச்சுல்லாம்மா” என்றான். “ஒரு ஆளுக்கு வாங்கியாச்சு. ஒரு ஆளு உள்ள வந்தாகணும். வாங்கின கை யாருதோ அவங்களாவது.”

அவன் சொல்லி முடிக்குமுன் முதல் படி நழுவி வந்து அத்தான் பாதங்களுக்கு அடியில் புகுந்தது. அவர் தட்டைக் கீழே வைத்திருக்கலாம். வைத்துவிட்டு இறங்கி வீட்டுக்குப் போயிருக்கலாம். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதுதான் அவருக்குப் பெரிசு. “ஆவுடையப்பன் வாக்குத் தவறினவன் இல்ல” என்றார், யாரும் கேட்காமலே. அப்படியே தட்டோடு ஏறினார். உலகம்மாள் மைனி, முறையை விடக்கூடாதே என்று பின்னாலேயே ஏறிப்போய், பூவை அவர் நரைத்த தலையில் எங்கே வைப்பதென்று தெரியாமல் காதில் செருகி, அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிவிட்டு இறங்கி வந்தாள். கதவு சாத்திக்கொண்டது. காலேஜ் ஒரு ஏப்பம் விட்டது.

பிறகு அது ஆட்டுக்கயிறுகளை அறுத்துக்கொண்டு, டீ பாய்லரைத் தள்ளிவிட்டு, சீரியல் லைட்டு தெருவில் இழுபட எழுந்தது. ஓரத்துப் படியில் சுயம்புலிங்கம் இன்னும் நின்றுகொண்டிருந்தான். “தம்பி, நீயாவது இறங்கிருப்பா! குதிச்சிரு!” என்று பின்னாலேயே ஓடினேன். குனிந்து பார்த்தான். தெரிந்த தரைதான், இரண்டடி உயரம்தான். “இந்த மாசச் சம்பளம் வந்துரட்டும்மா” என்றான். அது ரேஷன் கடை திருப்பத்தில் மறைந்தது.

அதற்கப்புறம் வாகையடித் தெரு என்னோடு பேசவில்லை. வாசலுக்கு வந்த காலேஜை விரட்டியவள் என்று பேர். டீக்கடைக்காரருக்கு வியாபாரம் போச்சு, கோயில்காரர்களுக்கு நாலு தலைக்கட்டு போச்சு, தண்ணி லாரி பழைய இடத்தில் நிற்பதுகூட என் குற்றம்போல வரிசையில் என் குடத்தை நகர்த்தி வைத்தார்கள். வைக்கட்டும். செண்பாவுக்குக் கேட்டது கிடைத்தது, சிவில், கவர்மெண்ட் காலேஜ், ஹாஸ்டலோடு. சங்கரன் லீவு போட்டு வந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு தங்கச்சியோடு பஸ் ஏறினான். போகும்போது என்னிடம், “ஏம்மா எங்களுக்கெல்லாம் அன்னைக்கு இப்படிக் கத்தல?” என்று கேட்டான். சிரித்துக்கொண்டுதான் கேட்டான். அந்தச் சிரிப்பை நான் எங்கே கொண்டுபோய் வைப்பேன்?

பிள்ளை போன சில நாளில் அத்தானின் வீட்டுக்காரி, கோமு அக்கா, போனைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். காலேஜ் எங்கேயோ வடக்கே, பேர் தெரியாத ஓர் ஊரின் எல்லையில், இன்னொரு பிள்ளை வீட்டை மோப்பம் பிடித்துக்கொண்டு நிற்கிறதாம். அத்தான் முதல் பெஞ்சில் இருக்கிறாராம். வீட்டுப் பெரியவர்கள் யாராவது வந்து கையெழுத்துப் போட்டால் விட்டுவிடுவார்களாம். “உங்கிட்டதான் பேசணுங்காவ பகவதி” என்றாள் அக்கா. என் வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்த்தார். அக்காவும் என் முகத்தைத்தான் பார்த்தாள்.

போனை வாங்கினேன். “சொல்லுங்க அத்தான்.”

அவர் சொன்னார். மூச்சு வாங்கச் சொன்னார். காலையிலிருந்து ராத்திரிவரை ஏதேதோ எழுதச் சொல்கிறார்கள், ஒரு எழுத்தும் மண்டையில் ஏறவில்லை, புரியவில்லை என்றால் பின்னால் யாரோ சிரிக்கிறார்கள், கண் வலிக்கிறது, வீட்டு ஞாபகமாகவே இருக்கிறது, திரும்பிப் பார்த்தால் வகுப்பில் மீதி பெஞ்செல்லாம் காலி. “எனக்கு இது பிடிக்கலம்மா. எனக்கு இது வேண்டாம்மா” என்று சொல்லும்போது அவர் குரல் என் பிள்ளைகள் குரல்போலவே உடைந்தது. முழுசும் சொல்லி முடிக்கிற வரைக்கும் கேட்டேன்.

பிறகு கேட்டேன்: “சரி அத்தான். உங்களுக்கு என்ன படிக்க ஆசை?”

அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டது. பிறந்ததிலிருந்து இதை அவரிடம் ஒருவரும் கேட்டதில்லை என்று எனக்குப் புரிந்தது. புரிந்த பிறகும் என் கோபம் ஆறவில்லை. ஆறவும் வேண்டாம். “போயி கையெழுத்துப் போட்டுக் கூட்டிட்டு வந்திருவோமா?” என்றார் என் வீட்டுக்காரர், மெதுவாக. பொறுங்கள் என்று கையைக் காட்டிவிட்டு, போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றேன்.

முதலில் அவர் பதில் சொல்லட்டும்.